இறைச்சியின் தரமும் வாங்குவோர் நம்பிக்கையும்

நெல் வாங்குகிறவன் ஒரு பிடி அள்ளி உமி நீக்கிப் பார்த்துக்கொள்ளலாம். பருத்தி வாங்குகிறவன் பஞ்சை இழுத்துப் பார்த்து இழையின் நீளத்தை அறியலாம். கறவை மாடு வாங்குகிறவன் எதிரில் நின்று கறக்கச் சொல்லலாம். இறைச்சி வாங்குகிறவனுக்கோ இத்தகைய பரீக்ஷை ஒன்றும் இல்லை. அப்பிராணி எதைத் தின்று வளர்ந்தது, எந்நோய் கண்டது, எம்மருந்து அதற்கு ஏற்றப்பட்டது, கத்தி பட்ட வேளையில் அது நின்றுகொண்டிருந்ததா அல்லது விழுந்து கிடந்ததா என்பவற்றுள் ஒன்றையேனும், கொக்கியில் தொங்கும் தொடையைப் பார்த்து எவரும் அறிய முடியாது.

கிராமத்தில் ஞாயிற்றுக்கிழமை காலையில் ஆடு வெட்டும் இடத்தில் இக்கஷ்டம் தோன்றுவதில்லை. வாங்குவோர் ஆட்டையும் அறிவர், ஆட்டுக்காரனையும் அறிவர். முதல்நாள் மாலை வரை அது மேய்ந்ததைக் கண்டும் இருப்பர். கெட்ட இறைச்சியைக் கொடுத்தவன் மறுவாரம் அதே முகங்களைப் பார்த்தாக வேண்டும். வெட்டும் இடத்திற்கும் உண்ணும் வீட்டிற்கும் நடுவில் நூறு மைல் தூரமும் நான்கு கைமாற்றங்களும் வந்துவிட்டால், இந்தக் காவல் முழுவதும் நீங்கிவிடுகிறது. அதற்குப் பதிலாக வேறு எந்தக் காவலை ஏற்படுத்துவது என்பதே இறைச்சி உற்பத்தியில் முதன்மையான கேள்வி. இதற்கு விடை கண்டவர்களுள் முன்னணியில் நிற்பவர் டென்மார்க் தேசத்துக் குடியானவர்கள். அவர்கள் விற்றது பன்றியிறைச்சி. இப்பத்திரிகையின் வாசகரிற் பலர் பன்றி வளர்ப்பவரல்லர். எனினும் அவர்கள் கையாண்ட முறை ஆட்டுக்கும் கோழிக்கும் ஒக்கும்.

அடைபட்ட சந்தை

டென்மார்க் சிறிய தேசம். 1864-இல் பிரஷ்யாவோடும் ஆஸ்திரியாவோடும் நடந்த யுத்தத்தில் தன் தென்பகுதி நாடுகளை இழந்தது. அதன்பின், அமெரிக்காவிலிருந்தும் ருஷியாவிலிருந்தும் ரயிலிலும் நீராவிக் கப்பலிலும் வந்து குவிந்த மலிவான தானியம் ஐரோப்பியச் சந்தையை நிரப்பியது. தானியம் விற்றுப் பிழைத்த டேனியக் குடியானவர்கள் அத்தானியத்தைக் கால்நடைக்கு இட்டு, வெண்ணெயும் இறைச்சியுமாக மாற்றி விற்கத் தலைப்பட்டனர். 1882-இல் மேற்கு ஜட்லாந்தில் ஹியெடிங் என்னும் ஊரில் முதலாவது கூட்டுறவு வெண்ணெய்ச் சாலை தோன்றியது. வெண்ணெய் எடுத்தபின் மிஞ்சிய பால் உறுப்பினர் வீட்டுக்கே திரும்பி வந்தது. அதைக் குடித்துப் பன்றிகள் வளர்ந்தன. அப்பன்றிகளிற் பெரும்பகுதி உயிருடன் ஜெர்மனிக்கு ஓட்டப்பட்டன.

1887-இல் ஜெர்மனி, பன்றிக் காய்ச்சலைக் காரணமாகக் காட்டி டேனியப் பன்றிகளுக்குத் தன் எல்லையை அடைத்துவிட்டது. எஞ்சிய பெரிய சந்தை இங்கிலாந்து. இங்கிலீஷ்காரர் காலை உணவிற்கு வேண்டியது, உப்பிட்டுப் பதப்படுத்திய பேக்கன் என்னும் இறைச்சி. அதே 1887-இல் ஜட்லாந்தின் கீழ்க்கரையில் உள்ள ஹார்ஸென்ஸ் நகரத்தில் குடியானவர்கள் கூடித் தங்களுக்குச் சொந்தமான முதலாவது பேக்கன் தொழிற்சாலையை ஏற்படுத்தினர். பிற ஊரார் அதைக் கண்டு பின்பற்றினர். சில பத்தாண்டுகளுக்குள் தேசத்துப் பன்றிகளிற் பெரும்பகுதி இத்தகைய சங்கங்களின் வழியாகவே சென்றது.

இச்சங்கங்களின் விதிகள் கூர்ந்து கவனிக்கத்தக்கவை. உறுப்பினர் தாம் விற்கும் பன்றிகள் அனைத்தையும் குறித்த ஆண்டுகள் வரை சங்கத்துக்கே கொடுக்க வேண்டும். வெளியே விற்றால் அபராதம். சங்கத்தின் கடனுக்கு எல்லாரும் கூட்டுப் பொறுப்பாளிகள். இருநூறு பன்றி உடையவனுக்கும் இரண்டு பன்றி உடையவனுக்கும் வாக்கு ஒன்றே. தனி வியாபாரிகள் சில சமயம் அதிக விலை காட்டி அழைத்தபோதும், பெரும்பாலோர் ஒப்பந்தத்தை மீறவில்லை.

தரத்துக்கும் இவ்விதிகளுக்கும் உள்ள சம்பந்தம் யாதெனில்: பிராணியைத் தனி வியாபாரியிடம் தள்ளிவிடும்போது அதிலுள்ள குறை வியாபாரியின் தலையில் விழுகிறது; விற்றவன் தப்பித்துக்கொள்கிறான். ஆகவே நோயுற்றதை முதலில் விற்றுவிடுவதே சாமர்த்தியமாகத் தோன்றுகிறது. தொழிற்சாலை தனக்கும் தன் அண்டை வீட்டாருக்கும் சொந்தமாக இருக்குமானால், லண்டனில் ஒரு பெட்டி இறைச்சி கெட்டுப்போனதாகத் திருப்பப்படும்போது அந்நஷ்டம் அனைவர் கணக்கிலும் ஏறுகிறது. ஒருவன் தொழுவத்தை மற்றொருவன் எட்டிப் பார்ப்பதற்கு நியாயம் பிறக்கிறது. எத்தனை பரிசோதகர்களை நியமித்தாலும் இவ்வளவு கண்கள் கிடைக்கமாட்டா.

உயிர் எடையும் வெட்டிய எடையும்

இந்நாட்டுச் சந்தைகளில் தரகர்கள் துண்டுக்குள் கைவிட்டு விரல் பிடித்து விலை பேசும் வழக்கம் எல்லாரும் அறிந்ததே. அவ்விலை ஏன் அவ்வாறு அமைந்தது என்பது வளர்த்தவனுக்கு ஒருநாளும் தெரிவதில்லை. உயிருடன் நிறுத்து விற்கும் இடங்களிலோ, சந்தைக்குப் புறப்படுமுன் ஆட்டுக்கு உப்புத் தவிடும் தண்ணீரும் வயிறு கொள்ளுமட்டும் ஊட்டும் தந்திரம் உண்டு. வாங்குவோனும் அதை அறிவான். அறிந்து, நேர்மையான ஆட்டுக்கும் சேர்த்தே விலையைக் குறைத்துக் கேட்பான்.

டேனியச் சங்கங்கள் பன்றியை உயிருடன் மதிப்பதை விட்டு, வெட்டிச் சுத்தம் செய்த பின்னர் நிறுத்து, தரம் பிரித்துப் பணம் கொடுத்தன. ஒவ்வொரு பன்றியின்மீதும் கொடுத்தவரின் எண் பதிந்திருந்தது. முதுகுக் கொழுப்பின் கனம் அளக்கப்பட்டது. மிகப் பருத்ததற்கும் விலை குறைவு, மிகச் சிறியதற்கும் விலை குறைவு. ஏனெனில் இங்கிலாந்துக் கடைக்காரன் கேட்டது, ஒன்றைப்போல் ஒன்றான, நீண்ட, கொழுப்பு மிகாத பக்கங்களே. வயிற்றிலுள்ள தண்ணீருக்கு அங்கே காசு இல்லாமையால் தண்ணீர் ஊட்டுவாரும் இல்லை. பணத்துடன் வந்த சீட்டு, எந்தப் பன்றி எத்தரத்தில் விழுந்தது என்பதைச் சொல்லியது; வளர்த்தவன் அதை வைத்துத் தீனியை மாற்றிக்கொண்டான்.

1907 முதல் இனவிருத்திப் பண்ணைகளைச் சோதிக்கும் முறையும் தொடங்கியது. ஓர் ஈற்றிலிருந்து நான்கு குட்டிகள் சோதனை நிலையத்துக்கு அனுப்பப்படும். எல்லா ஈற்றுக் குட்டிகளுக்கும் ஒரே தீனி, ஒரே பராமரிப்பு. சுமார் 90 கிலோ எடை வந்ததும் அவற்றை வெட்டி, எடை கூடுவதற்குச் செலவான தீனியின் அளவையும், உடலின் நீளத்தையும், முதுகுக் கொழுப்பையும் கணக்கெடுத்து வெளியிட்டனர். கண்காட்சியில் பரிசு பெற்ற கிடாவின் குட்டிகள் அளவுகோலின்முன் தோற்றுப்போவதும் உண்டு. அப்போது அந்தப் பரிசுக்கு மதிப்பேது? தலைமுறை தலைமுறையாக டேனியப் பன்றியின் உடல் நீண்டு, முதுகுக் கொழுப்பு மெலிந்தது இச்சோதனையின் பயனே.

இவ்வளவும் நிலைத்த பின்னரே முத்திரை வந்தது. பழங்காலத்தில் வெண்கலத்தால் செய்யப்பட்டு, அந்நாட்டுச் சதுப்பு நிலங்களில் புதைந்திருந்து கிடைத்த லூர் என்னும் வளைந்த ஊதுகொம்பின் உருவத்தை, 20ஆம் நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளில் ஏற்றுமதி வெண்ணெய்க்குத் தேசிய முத்திரையாகச் சட்டப்படி ஏற்படுத்தினர். பேக்கனிலும் அதே உருவம் பதிந்தது. வெண்ணெய் பலமுறை தரம் குறைந்ததாகக் காணப்பட்ட சாலை, முத்திரையிடும் உரிமையை இழக்கும். பேக்கனில் முத்திரை தோலின்மேல் நெடுகப் பதிக்கப்பட்டது. விளம்பரத்துக்காக முதலில் முத்திரையைச் செய்துகொண்டு, தரத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று தொடங்குவோர் இவ்வரிசையைக் கவனிக்க வேண்டும்.

சாட்சியில்லாத நல்ல மாடு

நம்பிக்கை போவதற்கு எவ்வளவு காலம் வேண்டும் என்பதைப் பிரிட்டன் காட்டியது. 1986-ஆம் ஆண்டு நவம்பரில் அங்குள்ள மாடுகளில் ஒரு புதிய நோய் கண்டறியப்பட்டது. மூளை துளைபட்டுக் கடற்பஞ்சுபோல் ஆகி, மாடு தள்ளாடி விழுந்து இறக்கும். ஜனங்கள் இதைப் பைத்திய மாட்டு நோய் என்றனர். செத்த பிராணிகளின் எலும்பையும் கழிவு இறைச்சியையும் அரைத்துச் செய்த மாவைத் தீனியில் கலந்ததே நோய் பரவக் காரணம் என்று தெரியவந்து, அசைபோடும் பிராணிகளுக்கு அம்மாவை இடுவது 1988 ஜூலையில் தடுக்கப்பட்டது. ஆனால் மாட்டிறைச்சி உண்போருக்கு அபாயமில்லை என்றே சர்க்கார் தரப்பில் திரும்பத் திரும்பச் சொல்லப்பட்டது. 1990 மே மாதத்தில் விவசாய மந்திரி தம் சிறு மகளுக்குப் படம்பிடிப்போர் முன்னிலையில் மாட்டிறைச்சிப் பண்டம் ஊட்டிக் காட்டினார்.

1996 மார்ச் 20-ஆம் தேதி, அந்நோய்க்கும் மனிதரிடம் புதிதாகத் தோன்றிய ஒரு கொடிய மூளை நோய்க்கும் தொடர்பு இருக்கலாம் என்று பார்லிமெண்டில் அறிவிக்க நேர்ந்தது. ஒரு வாரத்திற்குள் ஐரோப்பிய ஒன்றியம் பிரிட்டிஷ் மாட்டிறைச்சியின் ஏற்றுமதி முழுவதையும் தடுத்தது. அம்மனித நோயால் பிரிட்டனில் 170-க்கு மேற்பட்டோர் இறந்தனர். இவர்களுள் இளவயதினர் மிகுதி. 40 லட்சத்துக்கு மேற்பட்ட மாடுகள் அழிக்கப்பட்டன.

இதில் குடியானவர்களுக்கு உறைக்க வேண்டியது ஒன்று உண்டு. எலும்பு மாவைத் தொட்டறியாமல் புல்லிலேயே மந்தையை வளர்த்தவர்களும் அந்நாட்டில் இருந்தனர். அவர்கள் மாடும் விற்கவில்லை. ஒரு மாடு எங்கே பிறந்தது, யார் யார் கைமாறியது, எந்தத் தீனி தின்றது என்பதற்கு நாடு முழுவதற்கும் ஒத்த பதிவு அப்போது இல்லாமையால், நல்ல மாட்டையும் நோய் மாட்டையும் வேறு பிரித்துக் காட்ட முடியவில்லை. 1996 ஜூலை முதல் தேதியிலிருந்து பிறந்த கன்று ஒவ்வொன்றுக்கும் ‘பாஸ்போர்ட்’ என்ற அனுமதிச் சீட்டு விதிக்கப்பட்டது. பத்தாண்டுகளுக்கு முன் அது வந்திருந்தால் எத்தனையோ மந்தைகள் பிழைத்திருக்கும். மற்றொன்றும் மறக்கத்தக்கதன்று: மாவு கலந்த தீனியை இட்டவர்களிலும் பலர் மூட்டைக்குள் இருப்பது இன்னதென்று அறியாமலே இட்டனர்.

சீட்டு மட்டும் போதுமா என்றால், போதாது. 2013 ஜனவரி 15-ஆம் தேதி அயர்லாந்து உணவுப் பாதுகாப்பு அதிகாரிகள், மாட்டிறைச்சி என்று விற்ற பண்டங்களில் குதிரை இறைச்சி கலந்திருப்பதை மரபணுச் சோதனையால் கண்டு வெளியிட்டனர். பல தேசங்களைக் கடந்து வந்த அச்சரக்கின் காகிதங்கள் ஒழுங்காகவே இருந்தன. காகிதத்தை எழுதியவன் இறைச்சியைப் பற்றிப் பொறுப்பேற்காத இடத்தில் காகிதம் என்ன செய்யும்?

டென்மார்க்கில் பிற்காலம்

டேனியர்களும் தவறாமல் இருந்தவர்களல்லர். 1993-இல் அங்கே பன்றியிறைச்சியால் சால்மொனெல்லா என்னும் கிருமிநோய் பரவி, அது ஒரு கொல்களத்தில் தோன்றியதாகக் கண்டறியப்பட்டது. 1995-இல் மந்தைகள் அனைத்தையும் பரிசோதிக்கும் திட்டம் ஏற்பட்டது. வெட்டிய பன்றியின் இறைச்சிச் சாற்றைச் சோதித்து, கிருமியின் அறிகுறி எவ்வளவு என்பதற்கேற்ப மந்தைகளை மூன்று வகுப்பாகப் பிரித்தனர். கீழ்வகுப்பு மந்தைக்காரருக்கு விலையில் பிடித்தம் உண்டு. மூன்றாம் வகுப்புப் பன்றிகள் தனியாக, மிகுந்த சுத்த ஏற்பாட்டுடன் வெட்டப்பட்டன. 1887-இல் கொழுப்புக்குச் செய்ததையே இங்கே கண்ணுக்குத் தெரியாத கிருமிக்கும் செய்தனர் என்று கொள்ளலாம்.

விரைவில் பருக்கும்பொருட்டுத் தீனியில் கிருமிக்கொல்லி மருந்துகளைச் சிறிது சிறிதாகக் கலப்பது அக்காலத்தில் ஐரோப்பா முழுவதும் வழக்கமாயிருந்தது. இதனால் மருந்துக்கு அடங்காத கிருமிகள் பெருகி மனிதர் சிகிச்சையும் பயனற்றுப்போகும் என்ற அச்சம் வலுத்தபோது, டேனியப் பன்றி வளர்ப்போர் 1998-இல் வளர்ந்த பன்றிகளுக்கும் 1999 இறுதிக்குள் குட்டிகளுக்கும் அவ்வழக்கத்தை விட்டனர். ஐரோப்பிய ஒன்றியம் முழுவதற்குமான தடை 2006 ஜனவரியில்தான் வந்தது. இது எளிதாக நடந்துவிடவில்லை. தாய்ப்பால் மறந்த குட்டிகளுக்குக் கழிச்சல் மிகுந்து, சிகிச்சைக்கான மருந்துச் செலவு சில காலம் ஏறியது. 2010-இல், அளவுக்கு மிஞ்சி மருந்து வாங்கும் பண்ணைக்கு எச்சரிக்கையாக மஞ்சள் அட்டை கொடுக்கும் முறை ஏற்பட்டது. இத்தனைக்குப் பிறகும், மருந்துக்கு அடங்காத ஒருவகைக் கிருமி அந்நாட்டுத் தொழுவங்களிற் பெரும்பாலானவற்றில் பரவியதை இவ்வேற்பாடுகள் தடுக்கவில்லை. அதை மறைக்காமல் தாங்களே எண்ணி வெளியிட்டது அவர்களுக்குப் பெருமை என்றே சொல்ல வேண்டும்.

பழைய சங்கங்கள் பல ஒன்றாகி, டேனிஷ் கிரவுன் என்ற ஒரு பெரிய சங்கமாகக் குடியானவர் உடைமையாகவே இருந்து வருகின்றன. ஹார்ஸென்ஸில் இந்நூற்றாண்டில் அது கட்டிய கொல்களத்தில் பார்வையாளருக்கென நடைபாதை அமைத்து, வெட்டும் வேலையையும் கண்ணாடி வழியே காட்டுகின்றனர். ஆயினும் கூலியும் செலவும் ஏறியதால், இப்போது ஆண்டுதோறும் ஒரு கோடிக்கு மேற்பட்ட குட்டிகள் டென்மார்க்கிலிருந்து உயிருடனேயே போலந்து, ஜெர்மனி முதலிய தேசங்களுக்குப் போகின்றன. உயிருடன் விற்க வழி அடைபட்டதால் பிறந்த தொழிலுக்கு இப்படியும் ஒரு திருப்பம்!

ஆட்டு மந்தைக்காரர் செய்யத்தக்கது

இந்நாட்டில் பேக்கன் தொழிற்சாலைக்கு அவசியமில்லை. ஆனால் மேலே கண்டவற்றிற் சில, செலவின்றியே இங்கு கைக்கொள்ளக்கூடியவை.

ஆட்டுக்குக் காதில் எண் வில்லை போட்டு, அந்த எண்ணுக்கு ஒரு நோட்டுப் புத்தகத்தில் ஒரு பக்கம் ஒதுக்குக. பிறந்த நாள், அல்லது வாங்கிய நாளும் இடமும், தடுப்பு ஊசி, குடற்புழு மருந்து இவ்வளவும் அதில் ஏறினால் போதும். கடைத்தீவனம் இடுவோர் மூட்டையில் தைத்துள்ள அட்டையை அறுத்து அப்புத்தகத்திலேயே செருகி வைக்கலாம்.

மருந்து கொடுத்த பிராணியை உடனே இறைச்சிக்கு விற்றலாகாது. மருந்து உடலிலிருந்து நீங்குவதற்கு ஒவ்வொன்றுக்கும் தனித்தனிக் காத்திருப்பு நாள் உண்டு. அது புட்டியிலோ சீட்டிலோ அச்சாகியிருக்கும். இல்லையேல் கால்நடை மருத்துவரைக் கேட்டறிக. மருந்தின் பெயருக்கு எதிரே ‘இன்ன தேதிக்குமுன் விற்கலாகாது’ என்று அன்றே எழுதிவிடுவது நலம். கஷ்டம் எப்போது வருகிறதென்றால், ஊசி போட்டும் ஆடு தேறாமல், இரவில் வியாபாரி வந்து பாதி விலைக்குக் கேட்கும்போதுதான். அந்தப் பாதி விலையைச் செலுத்துகிறவர் முகந்தெரியாத ஒரு வீட்டார் என்பதை வீட்டிலுள்ளோர் ஒரு நிமிஷம் எண்ணிப் பார்ப்பார்களாக.

செத்ததையும் சாகப்போவதையும் அறுத்துப் பங்கிடுவது அதனினும் கொடிது. ஆந்த்ராக்ஸ் எனப்படும் அடைப்பான் நோயில், நேற்று நன்றாயிருந்த மாடோ ஆடோ இன்று திடீரென்று இறந்து கிடக்கும். மூக்கு, வாய், ஆசனவாய் வழியே உறையாத கறுத்த இரத்தம் கசியலாம். வயிறு விரைவில் உப்பும். இவ்விதம் இறந்ததைத் தோலுரிப்பதோ அறுப்பதோ கூடவே கூடாது. காற்றுப் பட்டவுடன் அக்கிருமி விதைபோன்ற உறுதியான வடிவெடுத்து மண்ணில் பல பத்தாண்டுகள் உயிரோடிருக்கும். அறுத்தவன் கையிலும், தின்றவன் குடலிலும், அடுத்த மழைக்கு மேயும் ஆட்டிலும் தோன்றும். பிணத்தைத் திறவாமல், மேய்ச்சலுக்கும் நீர்நிலைக்கும் தொலைவில் ஆழக்குழி தோண்டிச் சுண்ணாம்பிட்டுப் புதைப்பதோ, மருத்துவர் சொற்படி எரிப்பதோ செய்க. மந்தையில் எஞ்சியவற்றுக்குத் தடுப்பு ஊசி உண்டு.

இங்கே கிராம உத்தியோகஸ்தர்களுக்கும் கடமை இருக்கிறது. பிராணிகளின் தொற்றுநோய்களைத் தடுப்பதற்கென 2009-இல் ஏற்பட்ட மத்திய சட்டத்தின் 4-ஆம் பிரிவுப்படி, அட்டவணையிற் கண்ட நோய் தன் பிராணிக்கு இருப்பதாகக் கருதும் உடையவர் கிராம அதிகாரிக்கோ ஊராட்சிக்கோ தெரிவிக்க வேண்டும். அங்கிருந்து அருகிலுள்ள கால்நடை மருத்துவருக்கு எழுத்துமூலம் செய்தி போக வேண்டும். அடைப்பான் அவ்வட்டவணையில் அடங்கியதே. நஷ்டத்திற்கு அஞ்சி உடையவர் மறைக்கக்கூடுமாகையால், கேட்டறிவதில் கடுமையைவிடப் பரிவே அதிகப் பயன் தரும்.

கொல்களங்களுக்கு 2001-ஆம் ஆண்டு விதிகள், சினைப் பிராணியையும், மூன்று மாதத்துக்குட்பட்ட குட்டி உடையதையும், மருத்துவர் தகுதிச் சான்று தராததையும் வெட்டலாகாது என்கின்றன. ஒரு மருத்துவர் மணிக்குப் 12 பிராணிகளுக்கும், நாளொன்றுக்கு 96-க்கும் மேல் பரிசோதித்தலாகாது என்றும் வரையறை உண்டு. திருவிழா முதல்நாள் வண்டி வண்டியாக ஆடுகள் வந்திறங்கும்போது இவ்வெண்ணிக்கை என்னாகிறது என்பதை உள்ளூராரே அறிவர். ஆகையால் அங்கே நடக்கும் பரிசோதனையை மட்டும் நம்பாமல், மந்தையிலேயே பொறுக்கி அனுப்புவது உசிதம்.

பத்துப் பன்னிரண்டு மந்தைக்காரர் கூடி இவற்றை ஒப்புக்கொண்டு, நகரத்துக் கடைக்காரர் ஒருவருக்கு மாதம் இத்தனை ஆடு, இத்தனை எடை என்று பேசி, வெட்டிய எடைக்குப் பணம் பெற முயலலாம். வெட்டியபின் கழித்துத் தள்ளப்பட்ட ஆட்டின் நஷ்டத்தை எவ்வாறு பங்கிடுவது என்பதை முதல் ஆடு போகுமுன்னரே எழுதிக் கையெழுத்திட வேண்டும்; மூன்று முறைக்குமேல் யாருடைய ஆடு தள்ளப்படுகிறதோ அவர் விலகுவதென்ற விதியும் அதில் அடங்குக. இடைத்தரகர்களுக்கு இது பிடிக்காது. எண்ணைக் கொண்டு கடைக்காரர் நேரே ஊரைத் தேடி வந்துவிடுவாரென்று, வழியிலேயே வில்லையை அறுத்து எறிவதும் நடக்கக்கூடும். ஆகவே வண்டியில் ஏற்றும்போதே எண்களை இரண்டு பிரதியாக எழுதி, ஒன்றை வண்டியோட்டியிடமும் மற்றொன்றை அன்றே கடைக்காரரிடமும் சேர்ப்பிக்க ஏற்பாடு செய்துகொள்க. வில்லையின்றிப் போய்ச் சேரும் ஆட்டைக் கடைக்காரர் ஏற்கவேண்டியதில்லை என்பது ஒப்பந்தத்தின் முதல் வரியாக இருக்கட்டும்.